மிளகும் முளகும்: எல்லையோரத்து வினாத்தாள் ஒன்றைப் பற்றி

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு செல்லும் சாலையில், கேரளத்துக்குள் நுழைந்ததும் வருவது கோவிந்தாபுரம். முதியோரின் உணவுப் பழக்கத்தையும் நினைவாற்றலையும் பற்றிய மலையாள வினாத்தாள் ஒன்றைத் தமிழ் பேசுவோரிடம் சோதித்துப் பார்க்க அங்குச் சென்றிருந்தேன். 'தினமும் முளகு சேர்ப்பீர்களா?' என்ற வினாவுக்கு ஒரு பாட்டி 'ஆமாம்' என்றார். நானும் குறித்துக்கொண்டேன். பேச்சு சமையலுக்குத் திரும்பிய பிறகுதான் தெரிந்தது: அவர் சொன்னது ரசத்துக்கு இடிக்கும் மிளகை, வயிற்றெரிச்சலால் மிளகாயை விட்டுப் பல ஆண்டுகளாகின்றன. மொழியியல் படித்த எனக்கு இது வெட்கத்துக்குரிய பிழை.

பிழையின் வேர் பதினாறாம் நூற்றாண்டில் இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்துச் செடியான மிளகாய், போர்த்துகீசியர் வழியே இக்கரைக்கு வந்தது. அதற்கு முன் நம் அறுசுவைப் பட்டியலின் கார்ப்பு என்பது மிளகு, திப்பிலி, இஞ்சி ஆகியவற்றின் சுவையே. புதிய காய்க்குத் தமிழ் 'மிளகு' என்பதோடு 'காய்' சேர்த்துப் பெயரிட்டது. பழைய பொருள் தன் பெயரைக் காத்துக்கொண்டது. மலையாளத்தில் வந்தேறிக்கே 'முளகு' என்ற பெயர் போய்ச் சேர, உள்ளூர் மிளகு 'குருமுளகு', 'நல்லமுளகு' என அடைமொழி தாங்கி நிற்க நேர்ந்தது. (குமரி மாவட்டத் தமிழிலும் 'நல்லமிளகு' உண்டு.)

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. 2006இல் சிங்கப்பூரில், மறதிநோய் இல்லாத, 60 முதல் 93 வயது வரையிலான 1,010 முதியோரை ஆராய்ந்தவர்கள், கறி உணவை அவ்வப்போதோ அடிக்கடியோ உண்போர், அரிதாக உண்போரைவிட அறிதிறன் தேர்வில் கூடுதல் மதிப்பெண் பெற்றதாகக் கண்டனர். மஞ்சளின் குர்குமினே காரணமாகலாம் என்பது அவர்கள் ஊகம். ஒரே காலத்தில் எடுத்த அளவீடு என்பதால், கறி அறிவைக் காத்ததா, அறிவு தெளிவாக இருந்தவர்கள் விரும்பி உண்டார்களா என்று அதைக் கொண்டு பிரித்தறிய இயலாது. செய்தித்தாள்களுக்கு அந்த ஐயம் தேவைப்படவில்லை.

2019இல் வெளியான சீன ஆய்வு எதிர்த்திசையில் சென்றது. 4,582 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், நாளொன்றுக்கு 50 கிராமுக்கு மேல் மிளகாய் உண்போரிடம் நினைவாற்றல் குறைவு மிகுதியாகத் தென்பட்டது. அதன் கணக்கில் மிளகு சேர்க்கப்படவில்லை என்பதே எனக்கு முக்கியம். அத்தகைய வினாத்தாளை எல்லையோரத்தில் 'முளகு' என்று வாசித்தால், விலக்கவேண்டிய பொருளே உள்ளே வந்து அமர்ந்துவிடும்.

அறிதிறன் தேர்வுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. 1990களில் அரியானாவின் பல்லப்கரில், பெரும்பாலும் எழுத்தறிவற்ற முதியோருக்காக ஆங்கிலத் தேர்வு ஒன்றை மாற்றியமைத்து இந்தி வடிவம் உருவாக்கினார்கள். ஆங்கிலத் தேர்வை அப்படியே பெயர்த்துப் பயனில்லை என்பதை உணர்ந்திருந்தார்கள். வீட்டில் தமிழும் ரேஷன் கடையில் மலையாளமும் பேசும் எல்லையோர முதியவருக்கு எந்த மொழித் தேர்வு? தேர்வுமொழி பிழைத்தால், நலமான மூளையும் தளர்ந்ததாகப் பதிவாகும்.

அடுத்த முறை வினாத்தாளோடு இரண்டு சிறு டப்பாக்களையும் எடுத்துச் சென்றேன். ஒன்றில் மிளகு, மற்றதில் வற்றல். பாட்டி இரண்டையும் முகர்ந்து பார்த்துவிட்டு, வற்றல் டப்பாவைத் தள்ளி வைத்தார்.