பெண்ணிய நூல் மதிப்புரை (தமிழ்)

புதிதாக வெளிவரும் நூல்களைப் பெண்களின் நிலை, உரிமை, வாழ்வனுபவம் ஆகியவற்றை அளவுகோலாகக் கொண்டு மதிப்பிட்டு, வாசகருக்குப் பரிந்துரைக்கும் எழுத்துவகை. தமிழில் இது இதழ்களின் மதிப்புரைப் பகுதியில் மட்டும் வளர்ந்ததன்று. அணிந்துரை, மறுப்பு நூல், மேடைப் பேச்சு, தொகைநூலின் முன்னுரை, சில வேளை ஒரு நாவலின் தொடர்ச்சி என்று பல வடிவங்களில் இது காணப்படுகிறது. மதிப்புரைப் பகுதிகள் நெடுங்காலம் ஆண்கள் கையிலேயே இருந்ததும் இதற்கு ஒரு காரணம்.

முன்வரலாறு

பழைய வழக்கில் நூலைப் பாராட்டுவது சிறப்புப்பாயிரம், சாற்றுக்கவி ஆகியவற்றின் வேலை. அச்சு இதழ்கள் வந்த பின் அவற்றின் கடைசிப் பக்கங்களில் ‘வரப்பெற்றோம்’ என்ற தலைப்பு தோன்றியது. நூலின் பெயர், ஆசிரியர், விலை, கிடைக்குமிடம், இரண்டு வரிப் பாராட்டு ஆகியவையே அதில் இருக்கும். மதிப்புரை வேண்டுவோர் இரண்டு பிரதிகள் அனுப்ப வேண்டும் என்பது அன்று தொடங்கி அண்மைக்காலம் வரை நீடித்த வழக்கம்.

தமிழின் முதல் மகளிர் இதழ் எது என்பதில் ஆய்வாளர்கள் ஒத்த கருத்துடையவர்கள் அல்லர். ‘அமிர்தவசனி’, ‘சுகுணபோதினி’ ஆகிய 19ஆம் நூற்றாண்டு இதழ்களின் பெயர்கள் சொல்லப்படுகின்றன. 1905இல் பாரதியார் ஆசிரியப் பொறுப்பேற்ற ‘சக்கரவர்த்தினி’ பெண்களுக்கான மாத இதழ். கமலா சத்தியநாதன் 1901இல் சென்னையில் தொடங்கிய ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ ஆங்கில இதழாயினும், நூல்களைப் பெண் வாசகரை முன்னிறுத்திப் பேசிய தொடக்க முயற்சிகளுள் ஒன்று. ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்க, பெண்கள் நாடாளும் கற்பனை உலகைக் காட்டும் ரொக்கையா சகாவத் ஹுசைனின் ‘சுல்தானாவின் கனவு’ 1905இல் முதன்முதலாக அச்சேறியது இவ்விதழில்தான்.

அ. மாதவையாவின் ‘சாவித்திரி சரித்திரம்’ 1892இல் ‘விவேகசிந்தாமணி’யில் தொடராக வந்து இடையில் நின்றது. எதிர்ப்பே காரணம் என்பர். அதுவே 1903இல் ‘முத்துமீனாட்சி’ என நூலாயிற்று. இளம் விதவை ஒருத்தி தன் கதையைத் தானே எழுதியதாக அமைந்ததால், எழுதியவர் பெண்ணா ஆணா என்பதும் நூலைப் படித்த முறையில் சேர்ந்துகொண்டது.

சுயமரியாதை இயக்கக் காலம் (1925–1938)

இத்துறையின் வரலாற்றில் ஆவணங்கள் மிகுந்த காலம் இது. 1925 மே 2 அன்று ஈரோட்டில் பெரியார் ஈ.வெ. ராமசாமி தொடங்கிய ‘குடிஅரசு’ வார இதழும், அதைச் சூழ்ந்து வந்த ‘புரட்சி’, காரைக்குடிச் சொ. முருகப்பாவின் ‘குமரன்’ முதலிய இதழ்களும் நூல்களைப் பற்றிய விவாதத்தைப் பெண்ணுரிமை விவாதமாகவே நடத்தின. படித்தவர் இல்லத்து மேசையில் நடந்துவந்த நூல் பேச்சு மாநாட்டுப் பந்தலுக்கு வந்தது இக்காலத்தில்தான்.

*மேயோ சர்ச்சை.* அமெரிக்கரான கேத்தரின் மேயோ 1927இல் ‘மதர் இந்தியா’ என்ற நூலை வெளியிட்டார். குழந்தைமணம், இளம் தாய்மை, விதவை நிலை, தேவதாசி முறை ஆகியவற்றைக் காட்டி, இந்தியர் தன்னாட்சிக்குத் தகுதியற்றவர் என்று நிறுவ முயன்றது அந்நூல். காந்தியடிகள் 1927 செப்டம்பர் 15 அன்று ‘யங் இந்தியா’வில், அதைச் சாக்கடை பார்க்க வந்த ஆய்வாளரின் அறிக்கை எனச் சாடினார். சி.எஸ். ரங்க ஐயர், லாலா லஜபதி ராய் முதலியோர் மறுப்பு நூல்கள் எழுதினர். அடையாற்றில் 1917இல் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தைச் சார்ந்த பெண்களும் நூலைக் கண்டித்தனர். அதே மூச்சில் குழந்தைமணத் தடைச் சட்டம் வேண்டும் என்றும் குரல் கொடுத்தனர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்தில் தேவதாசி முறைக்கு எதிரான தீர்மானத்தைக் கொண்டுவந்ததும் 1927இல்தான்.

சுயமரியாதை இயக்கத்தார் வேறு வழியில் போயினர். எழுதியவரின் நோக்கம் எதுவாயினும், எழுதப்பட்டது நடக்கிறதா இல்லையா என்பதே அவர்கள் எழுப்பிய வினா. கோவை அ. அய்யாமுத்து 1929இல் எழுதிய ‘மேயோ கூற்று மெய்யா பொய்யா?’ இப்போக்கைக் காட்டும் நூல். ஒரு நூலை மதிப்பிடுவதற்கென்றே இன்னொரு நூல் எழுதிய அரிய நிகழ்வு இது. மேயோவின் ஏகாதிபத்தியச் சார்பை இவ்வாசிப்பு போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை என்ற குறையும் சொல்லப்படுகிறது. அதே ஆண்டு குழந்தைமணத் தடைச் சட்டமான சாரதா சட்டம் நிறைவேறியது. செங்கற்பட்டில் பிப்ரவரியில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டித் தீர்மானம் போட்டது.

*வள்ளுவரை வாசித்தல்.* பெரியாரின் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ பத்துக் கட்டுரைகள் கொண்ட சிறு நூல். கட்டுரைகள் ‘குடிஅரசு’வில் வந்தவை. நூலின் முதற்பதிப்பு 1934 என்பாரும் 1942 என்பாரும் உளர். இரண்டாம் கட்டுரையான ‘வள்ளுவரும் கற்பும்’ இத்துறைக்கு நேரடியாக உரியது. திருக்குறளின் வாழ்க்கைத் துணைநலம், பெண்வழிச்சேறல் ஆகிய இரு அதிகாரங்களையும் எடுத்துக்கொண்டு, வள்ளுவர் பெண்ணாகப் பிறந்திருந்தால் இவற்றை இப்படி எழுதியிருப்பாரா என்று அது கேட்கிறது. உரையாசிரியர்கள் நூற்றாண்டுகளாகச் சொற்பொருளிலும் இலக்கணத்திலும் தோய்ந்து பேசிய வரிகள் அவை. எழுதியவர் யார் இடத்தில் நின்று எழுதினார் என்ற வினா அவற்றின் முன் வைக்கப்பட்டது இதுவே முதன்முறை என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை. ஆனால் அதன் பின் வந்த பெண்ணிய வாசிப்புகள் பலவற்றிலும் இவ்வினாவின் சாயல் உண்டு.

*பெண்களின் எழுத்து.* திருச்சி நீலாவதி, குஞ்சிதம் குருசாமி முதலிய பெண்கள் இயக்க இதழ்களில் எழுதினர். காரைக்குடியிலிருந்து மரகதவல்லி அம்மையாரை ஆசிரியராகக் கொண்டு ‘மாதர் மறுமணம்’ வெளிவந்தது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் ‘தாசிகள் மோசவலை அல்லது மதி பெற்ற மைனர்’ (1936) தேவதாசி முறையை உள்ளிருந்து அறிந்தவர் எழுதிய நாவல். இது இலக்கியமா பிரசாரமா என்ற வாதம் இன்றும் உண்டு. இந்நாவல் 2003இல் கல்பனா கண்ணபிரான், வசந்த் கண்ணபிரான் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்குச் சென்றது. அதே ஆண்டு கே. ஸ்ரீலதா சுயமரியாதை இயக்கப் பெண்களின் எழுத்துகளை ஆங்கிலத்தில் தொகுத்தார். இக்காலம் பற்றி இன்று இவ்வளவு தெரிவதற்கு இத்தகைய பதிப்பு முயற்சிகளே காரணம்.

*வை.மு. கோதைநாயகி.* இயக்கத்துக்கு வெளியே, காங்கிரஸ் சார்பில் நின்றவர் வை.மு. கோதைநாயகி அம்மாள் (1901–1960). 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று நடத்தினார். 115 நாவல்கள் எழுதினார். எழுதப் பழகும் முன்னரே கதை சொல்லத் தெரிந்தவர். முதல் ஆக்கமான ‘இந்திரமோகனா’ நாடகத்தை இவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார் என்பது இவர் வரலாற்றில் தவறாமல் இடம்பெறும் செய்தி. பட்டம்மாளைப் பற்றி இலக்கிய வரலாறுகள் இதற்கு மேல் பேசுவதில்லை. கோதைநாயகியின் நாவல்களைச் சீர்திருத்த எழுத்தாகக் கொள்வோரும், குடும்ப மரபுக்குள் அடங்கியவையாகக் கொள்வோரும் பெண்ணிய ஆய்வாளர்களிலேயே உண்டு.

நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் எழுதிய ‘காதலா? கடமையா?’ 1938இல் வெளிவந்தது. அதற்கு உ.வே. சாமிநாதையர் பாராட்டுரை வழங்கினார். ஏடு தேடி அலைந்த மூதறிஞர், இளம் முஸ்லிம் பெண் ஒருவரின் நாவலைப் படித்துப் பரிந்துரைத்தது அக்காலத்தில் எளிதில் நிகழாத ஒன்று.

1940–1975

லட்சுமி, அநுத்தமா, ராஜம் கிருஷ்ணன், ஆர். சூடாமணி முதலியோர் எழுதிய இக்காலத்தில், சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ (1959) முதலான சிற்றிதழ்களால் விமர்சனம் வளர்ந்தபோதும், பெண்ணிய நோக்கிலான மதிப்புரை தனிப் போக்காக உருவாகவில்லை.

ஆய்வு நோக்கின் வருகை

1975க்குப் பின் உலக அளவில் பெண்ணியப் பதிப்பும் மதிப்புரையும் நிறுவன வடிவம் பெற்றன. டெல்லியில் ‘தி புக் ரிவ்யூ’ 1976இல் பெண்களால் தொடங்கப்பட்டது. ‘மானுஷி’ 1978இலும், ‘காளி ஃபார் விமன்’ பதிப்பகம் 1984இலும் வந்தன. அமெரிக்காவில் பெண்களின் நூல்களுக்கென ‘விமன்ஸ் ரிவ்யூ ஆஃப் புக்ஸ்’ 1983இல் தோன்றியது.

‘சிறகுகள் முறியும்’ (1976) தொகுப்பால் அறியப்பட்ட அம்பை, சி.எஸ். லக்ஷ்மி என்ற இயற்பெயரில் 1984இல் ‘தி ஃபேஸ் பிஹைண்ட் தி மாஸ்க்’ என்ற ஆய்வை ஆங்கிலத்தில் வெளியிட்டார். தமிழ்ப் பெண் எழுத்தாளர்களையும், தமிழ் இலக்கியத்தில் பெண் சித்திரிக்கப்படும் முறையையும் ஒருங்கே பரிசீலித்த நூல் இது. பெண் எழுதியதாலேயே ஒரு நூல் பெண்ணின் குரலாகிவிடாது என்ற கண்டிப்பு இதில் உண்டு. லட்சுமியின் ‘ஒரு காவிரியைப் போல’ நாவலுக்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்ததும் அதே 1984தான். அம்பை 1988இல் பிறருடன் சேர்ந்து மும்பையில் ‘ஸ்பாரோ’ என்ற பெண்கள் ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினார்.

ஈழமும் புலம்பெயர் நாடுகளும்

யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் 1986இல் வெளியிட்ட ‘சொல்லாத சேதிகள்’ கவிதைத் தொகுப்பும், அதில் சித்ரலேகா மௌனகுருவின் பங்கும் குறிப்பிடத்தக்கவை. கொழும்பிலிருந்து செல்வி திருச்சந்திரனை ஆசிரியராகக் கொண்ட ‘நிவேதினி’, நார்வேயிலிருந்து ‘சக்தி’, பின்னர் ‘ஊடறு’ ஆகிய இதழ்கள் நூல் விமர்சனத்துக்கு இடமளித்தன.

தலித் பெண்ணிய வாசிப்பு

பாமாவின் ‘கருக்கு’ (1992) வந்தபோது அது தன்வரலாறா நாவலா என்பதே முதல் வாதமாயிற்று. ப. சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ (1989) தலித் தலைவர் ஒருவரின் ஆணாதிக்கத்தைக் காட்டியதால், உட்பகையை வெளிச்சம்போட்டுக் காட்டியது என்ற குற்றச்சாட்டுக்கு உள்ளானது. சிவகாமி பின்னர் ‘ஆசிரியர் குறிப்பு’ என்ற நூலை எழுதித் தம் நாவலைத் தாமே மறுவாசிப்புச் செய்தார். எழுதியவரே மதிப்புரையாளராக மாறி, கற்பனையில் தாம் சேர்த்ததையும் விட்டதையும் விசாரிக்கும் இந்நூலுக்குத் தமிழில் இணை அதிகமில்லை. இரண்டும் சேர்ந்து 2006இல் ஆங்கிலத்தில் ஒரே நூலாக வந்தன.

2000க்குப் பின்

சல்மாவின் ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ (2000), மாலதி மைத்ரியின் ‘சங்கராபரணி’ (2001), குட்டி ரேவதியின் ‘முலைகள்’ (2002), சுகிர்தராணியின் ‘கைப்பற்றி என் கனவு கேள்’ (2002) ஆகிய தொகுப்புகள் அடுத்தடுத்து வந்தன. ‘முலைகள்’ என்ற தலைப்பே கண்டனத்துக்கு உள்ளாயிற்று. கவிதைகளை விட்டுக் கவிஞரின் ஒழுக்கத்தை மதிப்பிடும் பேச்சுகள் எழுந்தன. அதற்கு விடையாகவே பெண்கள் தங்கள் மதிப்புரை மேடைகளை அமைத்துக்கொண்டனர் என்பது ஒரு கருத்து. இம்முயற்சிகள் முன்னரே தொடங்கிவிட்டன என்பாரும் உளர். குட்டி ரேவதி நடத்திய ‘பனிக்குடம்’ தமிழின் முதல் பெண்ணிய இலக்கிய இதழ் எனப்படுகிறது. ஈழ, புலம்பெயர் இதழ்களைக் கணக்கில் கொண்டால் இக்கூற்று மறுபரிசீலனைக்கு உரியது. கிருஷாங்கினியும் மாலதி மைத்ரியும் தொகுத்த ‘பறத்தல் அதன் சுதந்திரம்’, மாலதி மைத்ரியின் ‘அணங்கு’ இதழ், ‘விடுதலையை எழுதுதல்’ என்ற அவரது கட்டுரை நூல் ஆகியவையும் இக்காலத்தவை.

விழுப்புரம் வட்டாரம்

சங்கராபரணி என்பது செஞ்சிப் பகுதியில் தோன்றி, திண்டிவனத்தை அடுத்த வீடூர் அணையில் தேங்கி, புதுச்சேரியில் கடலை அடையும் ஆறு. செஞ்சியாறு, வராக நதி என்ற பெயர்களும் இதற்கு உண்டு. இவ்வட்டாரத்தின் ஆறு தமிழ்ப் பெண்கவிதையின் முக்கியமான தொகுப்பொன்றுக்குப் பெயராகியிருக்கிறது.

இவ்வட்டாரத்தின் அனந்தபுரம் போன்ற பேரூராட்சிகளில் புது நூல் வாசகர் கைக்கு வரும் முதன்மை வழி பொது நூலகம். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டப்படி, சொத்து வரியோடு சேர்த்து உள்ளாட்சிகள் வசூலிக்கும் நூலக வரியே நூலகத்தின் ஆதாரம். எந்த நூலுக்கு நூலக ஆணை (பொது நூலகங்களுக்கான கொள்முதல் ஆணை) கிடைக்கிறதோ அதுவே ஊர் அலமாரிக்கு வரும். ஆணை கிடைக்காத நூலுக்கு நல்ல மதிப்புரை வந்தும் இங்கே பயன் குறைவு. விழுப்புரம், திண்டிவனம் முதலிய நகரங்களில் தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் போன்ற அமைப்புகள் நடத்தும் நூல் அறிமுகக் கூட்டங்கள் இக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன. இக்கூட்டங்களின் உரைகள் அச்சேறுவது அரிது.

அண்மைக்காலம்

நாளிதழ்களின் பெண்கள் இணைப்புகளிலும் இணைய இதழ்களிலும் நூல் அறிமுகங்கள் வருகின்றன. ‘ஹெர் ஸ்டோரிஸ்’ பதிப்பகம் பெண்களின் நூல்களை வெளியிடுகிறது. 2021இல் டெல்லிப் பல்கலைக்கழகம் பாமா, சுகிர்தராணி ஆகியோரின் படைப்புகளை ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. அதே ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது அம்பைக்கு அறிவிக்கப்பட்டது; ராஜம் கிருஷ்ணன் (1973), லட்சுமி (1984), திலகவதி (2005) ஆகியோரை அடுத்துத் தமிழுக்காக அதைப் பெற்ற நான்காவது பெண் அவர்.

இதழ்களில் வந்த பெண்ணிய மதிப்புரைகளில் பெரும்பாலானவை இன்னும் நூலாகத் தொகுக்கப்படவில்லை. பழைய இதழ்களைத் தேடுவோர் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும், பெண் எழுத்தாளர்களின் நேர்காணல்களுக்கு ஸ்பாரோ காப்பகத்தையும் நாடுகின்றனர்.