குறையாகப் பிறந்த கரகரப்பு

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கிய எவரும் சீக்கிரமே தேட ஆரம்பிப்பது அறுபது, எழுபதுகளின் ராக் இசைத்தட்டுகளில் கேட்கும் அந்தக் கனத்த கரகரப்பைத்தான். ஆம்ப்ளிஃபயரில் கெய்ன் குமிழைக் கடைசிவரை திருகுவார்கள். வருவதென்னவோ டப்பாவுக்குள் மாட்டிய வண்டு மாதிரி ஒரு இரைச்சல். ஏன் இப்படி ஆகுதுன்னு தெரியணும்னா அந்த ஒலி உருவான கதைக்குள்ள கொஞ்சம் போகணும்.

ஐம்பதுகளில் ஆம்ப் தயாரித்தவர்களுக்குக் கரகரப்பு ஒரு குறை. அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் தேடியது தெளிவான, சுத்தமான ஒலியை. ஆனால் வால்வு ஆம்பை அதன் சக்திக்கு மேல் முடுக்கினால் ஒலியலையின் உச்சி நசுங்கித் தட்டையாகிறது. மூலச் சுரத்தில் இல்லாத மேற்சுரங்கள் முளைக்கின்றன. பொறியாளர் ஒதுக்கிய இதுதான் கலைஞர்களுக்குப் பிடித்துப்போனது. 1964இல் 'யூ ரியலி காட் மீ' பாட்டுக்காக கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தன் சின்ன ஆம்பின் ஸ்பீக்கர் தாளைப் பிளேடால் கிழித்தே வைத்தார்னா பாருங்களேன்!

மேற்கு லண்டனின் ஹான்வெல்லில் ஜிம் மார்ஷல் என்ற டிரம்ஸ் வாத்தியார் 1960இல் ஒரு இசைக்கருவிக் கடை திறந்தார். கடைக்கு வந்த இளம் கிட்டார் கலைஞர்கள் கேட்டது ஃபெண்டர் போன்ற ஆம்ப். கடல் கடந்து வரும் ஃபெண்டரின் விலையோ எட்டாத உயரம். மார்ஷலின் ஆட்களான கென் பிரானும் டட்லி க்ரேவனும் ஃபெண்டரின் பாஸ்மேன் ஆம்பைப் பார்த்து அதே போன்ற சர்க்யூட்டில் ஒன்றைக் கட்டினார்கள். 1962இல் உருவான அதுதான் ஜேடிஎம்45.

சர்க்யூட் கிட்டத்தட்ட நகல்தான். பாகங்கள் மட்டும் உள்ளூரில் கிடைத்தவை. ஃபெண்டரில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்கள், பின்பக்கம் திறந்த பெட்டி. மார்ஷலில் நான்கு 12 அங்குல செலஸ்டியன் ஸ்பீக்கர்கள், மூடிய பெட்டி. நகலெடுக்கப் போனவர்களுக்குப் புதிதாக ஒரு ஒலியே கிடைத்துவிட்டது.

1966இல் லண்டனில் டெக்கா ஸ்டுடியோவில் ஜான் மேயாலின் ப்ளூஸ் ப்ரேக்கர்ஸ் குழுவோடு எரிக் க்ளாப்டன் ஒரு ஆல்பம் பதிவு செய்தார். கையில் கிப்சன் லெஸ் பால், பக்கத்தில் மார்ஷல். ஸ்டுடியோவுக்குள் ஆம்பை அடக்கி வாசிப்பதுதான் அன்றைய வழக்கம். அவரோ மேடையில் வாசிக்கும் அதே சத்தத்தில்தான் வாசிப்பேன் என்று நின்றார். சரியாக விற்காததால் 1960ஓடு அந்த வடிவ லெஸ் பாலை கிப்சன் நிறுத்தியிருந்தது. இப்படிப்பட்ட கலைஞர்களால் மவுசு கூடவே, 1968இல் மறுபடி தயாரிக்க வேண்டியதாயிற்று.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அன்றைய மார்ஷலில் மாஸ்டர் வால்யூம் கிடையாது. சத்தமும் கரகரப்பும் ஒரே குமிழில்தான். அதைக் கூட்டினால் முன்வரிசை வால்வு, பவர் வால்வு, டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர் எல்லாம் ஒன்றாகத் திணறும். அந்தக் கூட்டுத் திணறல்தான் கிளாசிக் ராக் ஒலி. அதற்கு விலையும் உண்டு. கூடுதல் சத்தம் கேட்டு 1965 வாக்கில் 100 வாட் மார்ஷல் உருவாகக் காரணமானவர்களில் ஒருவர் 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட். பிற்காலத்தில் அவர் காது கேளாமையோடு மல்லுக்கட்ட நேர்ந்தது.

1975இல் மார்ஷலும் மாஸ்டர் வால்யூம் வைத்த ஆம்பை விற்கத் தொடங்கியது. குறைந்த சத்தத்திலும் கரகரப்பு வந்தது. ஆனால் அது முன்வரிசை வால்வுகளின் கரகரப்பு மட்டுமே. வீட்டில் கெய்னை முழுக்கத் திருகுகிறவர்கள் கேட்பதும் ஏறக்குறைய இதைத்தான்.

அப்போ வீட்டில் என்ன செய்யறது? கெய்னைப் பாதிக்குக் கீழே இறக்குங்க. ஏசி/டிசியின் மால்கம் யங் வாசித்ததைக் கேளுங்க. நாம நினைக்கிறதைவிட அது எவ்வளவோ சுத்தமான ஒலி. தடித்த கம்பியும் அழுத்தமான கையும்தான் அந்தக் கனத்தைத் தருது. மிடிலை ஏத்துங்க, பாஸைக் குறைங்க. சத்தம் குறையும்போது நம் காது தாழ்ந்த ஒலிகளைக் குறைவாகக் கேட்கும் என்று 1933லேயே ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் அளந்து காட்டிவிட்டார்கள். அதனாலதான் வீட்டில் பாஸ் போதலைன்னு ஏத்துறோம். குழுவோட சேர்ந்து சத்தமா வாசிக்கும்போது அது சேறாகிடுது. கடைசியா, கிட்டாரிலேயே இருக்கிற வால்யூம் குமிழைத் திருகிப் பழகுங்க. குறைச்சா சுத்தம், கூட்டினா கரகரப்பு. மாஸ்டர் வால்யூம் இல்லாத காலத்தில் அவங்க கைக்குப் பக்கத்தில் இருந்த கட்டுப்பாடு அதுதான்.