கருமாதிக்குப் பின் குழந்தை

பச்சைமலை அடிவாரத்திலே, சுவேத நதியை ஒட்டிய கெங்கவல்லி வட்டாரத்துக் கிராமங்களில், தாயையோ தகப்பனையோ இழந்த குழந்தை துக்கம் கொள்ள வேண்டிய விதத்தையும் பெரியோர்களே சடங்காக வகுத்து வைத்திருந்தனர். ஐந்து வயதுப் பாலகனே ஆயினும், கொள்ளி வைக்க உரியவனென்றால், தலை மழித்து, ஈரத்துணியோடு தோளில் நீர்க்குடம் சுமந்து, சுற்றுக்கு ஒரு துளையாகப் பின்னால் வருபவர் குடத்தைத் துளைக்க, வழியும் நீர் முதுகை நனைக்கச் சிதையை மும்முறை சுற்றி வந்து, கொள்ளி வைத்துத் திரும்பிப் பாராமல் நடப்பான். கருமாதியன்று தாய்மாமன் அவனுக்கு உருமால் கட்டுவார். பெண் குழந்தைக்கோ மயானமும் இல்லை, உருமாலும் இல்லை. ஒப்பாரி வைக்கும் பெண்களின் நடுவே, யார் மடியிலேனும் கிடந்து அழும் உரிமை மாத்திரமே உண்டு.

இவற்றை மூடப்பழக்கம் என்று தள்ள என் மனம் ஒப்பவில்லை. மரணத்தை மறைக்காமல் காட்டி, ஊரே கூடி அழுது, பொறுப்பாளி ஒருவரைச் சபையறிய நிறுத்திய அந்த ஏற்பாட்டில் விவேகம் இருந்தது. ஆனால் கருமாதி கழிந்து உறவினர் காட்டுவேலைக்குத் திரும்பிய பின், "அம்மா எப்ப வரும்?" என்ற கேள்விக்கு, "ஊருக்குப் போயிருக்குது சாமி, வந்துரும்" என்ற பொய்யே மறுமொழியாயிற்று; "நீ அழுதா தம்பியும் அழுவான்" என்று மூத்த குழந்தையின் வாயும் அடைக்கப்பட்டது.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது லண்டன் ஹாம்ஸ்டெட்டில் குழந்தை விடுதிகள் நடத்திய அன்னா பிராய்டும் டோரதி பர்லிங்ஹாமும் ஒரு சிறுவனைப் பற்றி எழுதியிருக்கின்றனர். குண்டுவீச்சில் தந்தை மாண்டதை ஒப்பாத அவன், காகித வீடுகள்மீது குண்டு போட்டு, உள்ளிருந்தோர் யாவரும் தப்பிவிட்டதாக மாதக்கணக்கில் விளையாடினான். அப்பா இறந்தார் என்று தன் வாயாலேயே சொல்ல முடிந்த பின்னரே அவ்விளையாட்டு ஓய்ந்தது. இறந்தார் என்று நேராகச் சொல்லுதல், பேச வராததை வரையவும் விளையாடவும் விடுதல், தன் குறும்பினால்தான் அம்மா செத்தாள் என்று குழந்தை மறைத்து வைத்திருக்கும் குற்றவுணர்வைப் பொறுமையாகக் கேட்டறிந்து போக்குதல் ஆகிய இன்றைய ஆலோசனை முறைகளுக்கு இத்தகைய அநுபவங்களும் ஆதாரம்.

தமிழ் நிலத்தில், இலங்கை உள்நாட்டுப் போரால் நொந்த சிறாருக்கென மட்டக்களப்பில் 1996 ஆம் ஆண்டில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தோன்றியது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் பலிகொண்ட 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின், பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தார் தமிழகக் கரையோரங்களுக்கு வந்து, உள்ளூர்த் தொண்டர்களுக்கே இம்முறைகளைப் பயிற்றுவித்தனர். குழந்தைகள் தாள் தாளாக அலைகளையே வரைந்தனர்.

பயிற்சியைவிட அரியது, விட்டு நீங்காத ஒருவரின் துணை. பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கென நாகையில் திறக்கப்பட்ட அன்னை சத்யா இல்லத்துக்கு, 2005 இல் ஆட்சியராக வந்த ஜெ. ராதாகிருஷ்ணன், பதவி மாறிய பின்னும் வந்துகொண்டேயிருந்தார். அங்கே வளர்ந்த பெண்ணொருத்தியின் திருமணத்தை 2022 ஆம் ஆண்டில் அவரே முன்னின்று நடத்தி வைத்தார்.