நுழைவுக்கூட மேசை

நுழைவுக்கூட மேசை என்பது வீட்டின் தலைவாயிலை அடுத்த நடையிலோ முன்கூடத்திலோ சுவரை ஒட்டி இடப்படும், அகலம் குறைந்த நீண்ட மேசை ஆகும். உணவு உண்ணவும் எழுதவும் பயன்படும் மேசைகளைப் போலன்றி, இதன் முன் யாரும் அமர்வதில்லை. வீட்டினுள் வருவோர் முதலில் காணும் அறைகலன் இதுவாகையால், இதன்மீது பொருள்களை வைத்து அழகுபடுத்துவது மேலைநாட்டு வீட்டு அலங்காரத்தில் ஒரு தனிப் பகுதியாகவே வளர்ந்துள்ளது. மேசைக்கு மேல் ஒரு நிலைக்கண்ணாடி, இருபுறமும் விளக்குகள், ஒரு பூச்சாடி, சில்லறைப் பொருள்களுக்கு ஒரு தட்டு என்பது பரவலாகக் காணப்படும் அமைப்பு. இது வெறும் சுவை சார்ந்த ஏற்பாடு போலத் தோன்றினாலும், இவற்றுட் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு தேவைக்காக அங்கு வந்து சேர்ந்தவை.

பெயர்

இம்மேசை பரவலாகக் கன்சோல் மேசை என்றே அறியப்படுகிறது. பிரெஞ்சுக் கட்டடக்கலையில் கன்சோல் என்பது சுவரிலிருந்து வளைந்து நீண்டு, மேலுள்ள பாரத்தைத் தாங்கும் உறுப்பைக் குறிக்கும். நம் கோயில் தூண்களின் உச்சியில் உள்ள போதிகையின் பணியை இதனுடன் ஒப்பிடலாம். தொடக்ககால மேசைகள் முன்புறம் மட்டுமே வளைந்த கால்களைக் கொண்டு, பின்புறம் சுவரில் பொருத்தப்பட்டிருந்தமையால் இப்பெயர் பெற்றன. சுவரிலிருந்து பிரித்தால் தாமாக நிற்க இயலாத இவற்றை மேசை என்பதைவிடச் சுவரின் ஓர் உறுப்பு என்பதே பொருந்தும். தமிழில் இதற்கு வழக்கூன்றிய பெயர் இல்லை. அறைகலன் கடைகளில் கன்சோல் டேபிள் என்றே விற்கப்படுகிறது.

தோற்றம்

17 ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பிரான்சில் இம்மேசை தனி வடிவம் பெற்றது. செதுக்கிப் பொன்முலாம் பூசிய மரக் கால்களும் சலவைக்கல் மேற்பலகையும் இதன் அடையாளங்கள். அக்காலத்தில் இது வாயிலருகே வைக்கப்படும் பொருள் அன்று. அரண்மனைகளின் பெரிய வரவேற்பு அறைகளில், இரு சாளரங்களுக்கு இடைப்பட்ட சுவர்ப்பகுதியில், உயர்ந்த நிலைக்கண்ணாடியின் கீழ் இடம்பெற்றது. சுவரை நோக்கிய பின்புறத்தில் யாரும் செதுக்கு வேலை செய்யவில்லை.

இங்கிலாந்தில் வில்லியம் கென்ட் இலண்டனை அடுத்த சிசிக் மாளிகைக்குச் சிற்பங்கள் போன்ற கனத்த பக்கமேசைகளை வடிவமைத்தார். அவருக்குப் பின்வந்த ராபர்ட் ஆடம் (1728–1792) சுவர், கண்ணாடி, மேசை ஆகிய மூன்றையும் ஒரே வரைபடமாகத் தீட்டினார். மேசையின் அகலத்துக்கு இசையக் கண்ணாடி அமைய வேண்டும் என்று இன்றைய அலங்கார நூல்கள் கூறும் விதி, இவ்வாறு இரண்டும் ஒன்றாக வரையப்பட்ட காலத்திலிருந்து நிலைத்துவிட்ட ஒன்று.

கண்ணாடியும் மெழுகுவர்த்தியும்

மேசைக்கு மேல் கண்ணாடி வைக்கப்பட்டதன் முதன்மைக் காரணம் முகம் பார்ப்பது அன்று, ஒளி. மின்விளக்குக்கு முந்திய காலத்தில் இரவு நேர வெளிச்சம் விலை மிகுந்த பொருளாக இருந்தது. கண்ணாடியின் முன் வைக்கப்படும் மெழுகுவர்த்தி, அதன் எதிரொளியால் கூடுதல் ஒளி தந்தது. பகலில் இரு சாளரங்களுக்கு இடையேயுள்ள சுவரே அறையின் இருண்ட பகுதி. அவ்விருளைக் குறைக்கவும் கண்ணாடி உதவியது. கண்ணாடிக்கு முன் இணையாக விளக்குகள் வைக்கும் இன்றைய வழக்கத்துக்கு வேர் இதுவே.

பெரிய கண்ணாடிகள் எளிதில் கிடைத்தவை அல்ல. நெடுங்காலம் இத்தொழிலில் வெனிசு நகரமே முன்னணியில் இருந்தது. அதனோடு போட்டியிட, பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பர்ட்டின் முயற்சியால் 1665 இல் பிரான்சில் அரச கண்ணாடித் தொழிலகம் நிறுவப்பட்டது. வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் 17 வளைவுகளில் 357 கண்ணாடிகள் பதிக்கப்பட்டன. மண்டபம் 1684 இல் நிறைவுற்றது. அங்கு வைக்கப்பட்டிருந்த வெள்ளி மேசைகளும் விளக்குத் தாங்கிகளும் ஐந்தே ஆண்டுகளில், 1689 இல், போர்ச் செலவுக்காக உருக்கப்பட்டன. கண்ணாடிகள் தப்பின.

இவ்வொளிக்கு வேறொரு விலையும் இருந்தது. அக்காலத்தில் கண்ணாடியின் பின்புறம் வெள்ளீயத் தகடும் பாதரசமும் சேர்ந்த இரசக்கலவையால் பூசப்பட்டது. அவ்வேலையைச் செய்தோர் பாதரச ஆவியைச் சுவாசித்து, கைநடுக்கமும் முடக்கமும் உற்றனர். இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசீனி 1700 இல் வெளியிட்ட தொழில்நோய்கள் பற்றிய நூலில் வெனிசின் மூரானோ தீவுக் கண்ணாடித் தொழிலாளரின் இந்நிலையைப் பதிவு செய்துள்ளார். 19 ஆம் நூற்றாண்டிலும் பவேரியாவின் ஃபியூர்த் நகரத்தில் இதே நோய் பரவலாக இருந்தது. செருமானிய வேதியியலாளர் யூசுடசு ஃபொன் லீபிக் 1835 இல் கண்டறிந்த வினையை அடிப்படையாகக் கொண்ட வெள்ளி பூசும் முறை பரவிய பின்னரே பாதரச முறை படிப்படியாக மறைந்தது.

உள்பாவாடை மேசை என்னும் கதை

19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செய்யப்பட்ட சில மேசைகளில் கால்களுக்கு இடையே, தரையை ஒட்டியும் ஒரு கண்ணாடி பொருத்தப்பட்டது. பிரான்சிலிருந்து குடியேறி நியூயார்க்கில் தொழில் செய்த சார்லசு ஒனோரே லனூயியேயின் (1779–1819) மேசைகள் இவ்வகையில் புகழ்பெற்றவை. வெளியே புறப்படும் பெண்கள் தம் உள்பாவாடை வெளித்தெரிகிறதா எனப் பார்க்கவே இக்கண்ணாடி அமைக்கப்பட்டது என்னும் கதை அருங்காட்சியக வழிகாட்டிகளால் இன்றும் சொல்லப்படுகிறது. அறைகலன் வரலாற்றாளர்கள் இதனை ஏற்பதில்லை. அவ்வளவு தாழ்ந்த கண்ணாடியில், அருகே நிற்பவர் தம் ஆடையின் விளிம்பைக் காண்பது எளிதன்று. மேலும் இவை பெரும்பாலும் வாயிலருகே அன்றி வரவேற்பறையிலேயே வைக்கப்பட்டன. தரை விரிப்பையும் ஒளியையும் எதிரொளித்து, கனத்த மேசையை மெலிதாகக் காட்டுவதே இதன் நோக்கம்.

வாயிலுக்கு வருதல்

19 ஆம் நூற்றாண்டில் நடுத்தர வகுப்பினரின் வீடுகளிலும் தனி நுழைவுக்கூடம் அமையத் தொடங்கியபோது, மேசை அரண்மனையிலிருந்து வாயிலுக்கு இறங்கி வந்தது. விக்டோரியா காலத்தில் தொப்பிக் கொக்கிகள், குடை வைக்கும் இடம், கண்ணாடி, கையுறைப் பெட்டி, சிறு மேற்பலகை ஆகிய அனைத்தும் ஒன்றாக அமைந்த கூடத் தாங்கி என்னும் அறைகலன் பெருவழக்கில் இருந்தது.

அக்காலத்து மேசையின் முதன்மையான பொருள் பெயரட்டைத் தட்டு ஆகும். ஒருவரைக் காண வருவோர் தம் பெயர் அச்சிட்ட சிறு அட்டையைப் பணியாளரிடம் கொடுப்பர். அது தட்டில் இடப்படும். நேரில் வந்து சென்றதற்கு அடையாளமாக அட்டையின் முனையை மடிக்கும் வழக்கமும் இருந்தது. மதிப்பு மிக்கவரின் அட்டை தட்டின் மேற்புறத்தில் கண்ணில் படுமாறு இருத்தல் விரும்பப்பட்டது. அவ்வகையில் அத்தட்டு வீட்டாரின் சமூக உறவுகளை வருவோர்க்கு அறிவிக்கும் பலகையாகவும் விளங்கியது.

மேசையை அடுத்து இடப்பட்ட நாற்காலிகளும் கவனிக்கத்தக்கவை. உள்ளே வரவேற்பறையில் மெத்தை தைத்த இருக்கைகள் இருக்க, கூடத்து நாற்காலிகளோ வெறும் மரத்தால் ஆனவை. உயர்நிலை விருந்தினர் கூடத்தைக் கடந்து உள்ளே சென்றனர். தூதுவரும் வணிகரும் வேலை தேடி வந்தோரும் அந்நாற்காலிகளில் காத்திருந்தனர். அமெரிக்க ஆய்வாளர் கென்னத் ஏம்சு 1978 இல் வெளியிட்ட, விக்டோரியா காலக் கூட அறைகலன்கள் குறித்த கட்டுரையில் இவ்வேறுபாட்டை விரிவாக ஆராய்ந்துள்ளார். அழகிய மேசையும் வசதியற்ற நாற்காலியும் அருகருகே இருந்தது தற்செயலன்று என்பது அவ்வாய்வால் விளங்கும்.

20 ஆம் நூற்றாண்டில் வீட்டுப் பணியாளர் குறைந்து, பெயரட்டை வழக்கம் மறைந்தது. அவ்விடத்தில் பல வீடுகளில் தொலைபேசி அமர்ந்தது. பின்னர் அதுவும் நீங்கியது. தட்டு மட்டும் நிலைத்து, இன்று திறவுகோல்களையும் கடிதங்களையும் ஏற்கிறது.

சீனாவின் ஊய்சௌ வீடுகளில்

வீட்டினுள் வருவோரின் பார்வைக்கு நேரே மேசையை அமைத்து அழகுபடுத்தும் மரபு ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று. சீனாவின் ஆன்குயி மாகாணத்தைச் சேர்ந்த பழைய ஊய்சௌ வணிகர் வீடுகளில், சிறு முற்றத்தைக் கடந்ததும் தெரியும் நடுக்கூடத்தின் பின்சுவரை ஒட்டி ஒரு நீண்ட ஒடுங்கிய மேசை இடப்படும். அதன் நடுவில் கடிகாரமும், கிழக்குப் பக்கம் சாடியும், மேற்குப் பக்கம் கண்ணாடியும் வைப்பது முறை. சீன மொழியில் சாடியைக் குறிக்கும் பிங் என்னும் ஒலியும் கண்ணாடியைக் குறிக்கும் சிங் என்னும் ஒலியும் சேர்ந்து ‘அமைதி’ என்னும் சொல்லை நினைவூட்டுகின்றன. கடிகார ஒலிக்கான சொல் ‘வாழ்நாள் முழுதும்’ என்பதைப் போல ஒலிக்கும். ஆகவே மூன்று பொருள்களும் சேர்ந்து ‘வாழ்நாள் முழுதும் அமைதி’ என்னும் வாழ்த்தாகின்றன. ஊய்சௌ ஆடவர் பலர் வணிகத்துக்காக நெடுங்காலம் ஊரை விட்டுப் பிரிந்திருந்தனர் என்பதை நோக்க, இவ்வாழ்த்தின் தேவை புரியும். எந்திரக் கடிகாரம் ஐரோப்பியர் வழியாக வந்த பொருளாகையால், மூன்றும் சேர்ந்த அமைப்பு மிகத் தொன்மையானதாக இருக்க இயலாது. 2000 ஆம் ஆண்டில் யுனெசுக்கோவின் உலக மரபுக்களமாக அறிவிக்கப்பட்ட சீதி, ஓங்சுன் சிற்றூர்களில் இத்தகைய கூடங்களைக் காணலாம்.

அழகுபடுத்தும் முறை

இன்றைய நுழைவுக்கூட மேசைகள் பொதுவாக 75 முதல் 85 செ.மீ. உயரமும் 25 முதல் 40 செ.மீ. அகலமும் கொண்டவை. கண்ணாடியோ ஓவியமோ மேசை நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இருத்தல் நன்று என்பர். மேசையை விட நீண்ட கண்ணாடி தலைகனத்துத் தோன்றும். கண்ணாடியை மாட்டுமுன் அதில் எது தெரியும் என்பதைப் பார்க்க வேண்டும். எதிரே சாளரம் இருப்பின் கூடம் ஒளிபெறும். செருப்பு அடுக்கு இருப்பின் அது இரட்டிப்பாகும்.

பொருள்களை அடுக்குவதில் இரு போக்குகள் உள்ளன. ஒன்று, இருபுறமும் ஒரே வகை விளக்கோ சாடியோ வைக்கும் சமச்சீர் முறை. இது அரண்மனை மரபின் வழிவந்தது. மற்றொன்று, ஒரு பக்கம் உயரமான பொருளும் மறுபக்கம் தாழ்ந்த சிலவும் வைத்துச் சமன் செய்வது. பொருள்களை ஒற்றைப்படை எண்ணிக்கையில் வைக்க வேண்டும் என்னும் விதி அலங்கார நூல்களில் திரும்பத் திரும்ப வரினும், அதனைக் கட்டாயமாகக் கொள்ளத் தேவையில்லை. மேற்பலகையில் ஒரு பகுதியை வெறுமையாக விடுவதே அதைவிடப் பயனுள்ளது. கையில் பையுடன் வருபவருக்கு அதை இறக்கி வைக்க இடம் வேண்டும். வெயில் எட்டாத கூடமாயின் மருள், மணி பிளான்ட் போன்ற, குறைந்த ஒளியைத் தாங்கும் செடிகள் ஏற்றவை. விளக்குக்கு 2700 கெல்வின் அளவிலான மஞ்சள் சார்ந்த ஒளி பெரிதும் விரும்பப்படுகிறது.

வழித்தடமும் பாதுகாப்பும்

மேசையின் அழகைவிட அதன் முன் எஞ்சும் வழியின் அகலம் முதன்மையானது. அமெரிக்காவில் பின்பற்றப்படும் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, வீட்டு நடையின் அகலம் 3 அடிக்குக் (ஏறத்தாழ 91 செ.மீ.) குறையலாகாது என்கிறது. நடை 4 அடி அகலமே உடையதாயின், 40 செ.மீ. மேசை இட்டதும் எஞ்சுவது அந்த அளவுக்கும் குறைவே. தீ விபத்தின்போது வீட்டிலுள்ளோர் வெளியேறும் வழியும், நோயாளியைத் தூக்கிச் செல்லும் வழியும் இதுவேயாகும்.

கால்களின்றிச் சுவரில் மட்டும் பொருத்தப்படும் மேசைகள் தற்காலத்தில் பெரிதும் விற்கப்படுகின்றன. இவை பார்வையற்றோருக்கு இடையூறானவை: வெண்கோல் தரையைத் தடவிச் செல்லும்போது மேசையின் அடியில் புகுந்துவிடுவதால், உடல் மோதிய பின்னரே மேசை இருப்பது தெரியவரும். பொதுக் கட்டடங்களுக்கான அமெரிக்க அணுகல் தரநிலை, தரையிலிருந்து 27 அங்குலத்துக்கு மேலும் 80 அங்குலம் வரையும் உள்ள உயரத்தில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பொருள்கள் 4 அங்குலத்துக்கு மேல் நீளலாகாது என வரையறுக்கிறது. தனி வீடுகளை இது கட்டுப்படுத்தாது. எனினும் பார்வை குன்றிய முதியோர் வாழும் வீட்டில், தரைவரை கால் உள்ள மேசையே தக்கது.

திறவுகோல் கிண்ணம் குறித்து ஒரு முரண்பாடு உள்ளது. தீ மூண்டால் உடனே கதவைத் திறக்க, திறவுகோல் வாயிலருகே எல்லோரும் அறிந்த இடத்தில் இருத்தல் வேண்டும். பிரித்தானியக் காவல்துறையோ மகிழுந்துத் திறவுகோல்களை வாயிலருகே வைக்க வேண்டாம் என எச்சரிக்கிறது. கடிதத் துளை வழியே கொக்கியிட்டு அவற்றை எடுப்போர் உள்ளனர். திறவுகோலின் மின்னலைக் குறிகையை வெளியிலிருந்தே கருவியால் ஏற்று மகிழுந்தைத் திருடுவோரும் உள்ளனர். கதவுத் திறவுகோலைக் கடிதத் துளையிலிருந்து எட்டாத தொலைவில் அருகிலும், மகிழுந்துத் திறவுகோலை வீட்டின் உட்புறத்திலும் வைப்பது இரண்டுக்கும் இடைப்பட்ட வழியாகும்.

பராமரிப்பு

அரக்கு மெருகிட்ட மேற்பலகையில் ஈரச் சாடியை நேரடியாக வைத்தால் வெண்வளையம் படியும்; சலவைக்கல்லில் எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்புப் பொருள்கள் பட்டால் மெருகு அரிக்கப்படும். பழங்கால மேசைகளின் பொன்முலாம் பல நேர்வுகளில் நீரில் கரையும் பசையின்மேல் ஒட்டப்பட்டதாகும். அதை ஈரத்துணியால் துடைத்தால் பொன் தாள் அழுக்கோடு சேர்ந்து வந்துவிடும். மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசு தட்டுவதே போதுமானது. இரசக்கலவை பூசிய பழைய கண்ணாடிகளின் பின்புறத்தைச் சுரண்டவோ வெப்பமான விளக்கை அவற்றை ஒட்டி வைக்கவோ கூடாது. அடிச்சட்டத்தில் சிறு வெள்ளி மணிகள் போல ஏதேனும் திரண்டிருந்தால் அது பாதரசமாகும். அதைக் கையால் தொடாமலும் பெருக்கித் தள்ளாமலும், அறையின் சாளரங்களைத் திறந்துவிட்டு, துறை அறிந்தோரை அழைக்க வேண்டும்.