பள்ளிக்கூடத்துப் பிள்ளையாரும் ஊர்ப்பேச்சும்

லிங்கராஜபுரத்தில் குடியமர்ந்த நம்முள் பெரும்பாலோர் இந்நகரின் பழங்கதையைத் தண்டிலிருந்தே தொடங்குவது வழக்கம். 1809இல் ஆங்கிலேயர் படைத்தளம் அமைத்ததும், அதன் பின்னே வடார்க்காட்டிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் தமிழர் வந்து குடியேறியதும் நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் வரலாறு. தண்டுக்கு அப்பால், மைசூர் அரசர் ஆட்சியிலிருந்த பேட்டைப் பகுதியின் வரலாற்றை நாம் அத்துணை கருத்தூன்றிப் படித்ததில்லை. அங்கு 1928ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு கலகம் நாம் அறிந்திருக்க வேண்டிய ஒன்று.

சுல்தான்பேட்டையில் அரசினர் பள்ளி ஒன்று இருந்தது. அதன் வளாகத்தில் சிறு பிள்ளையார் உருவம் ஒன்று. மாணவர் வணங்கி வந்தனர். பள்ளிக் கட்டடத்தில் வேலை நடந்தபோது அவ்வுருவம் எவ்விடத்தில், எவ்வாறு இருக்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. தலைமையாசிரியரும் ஊர்ப்பெரியவர் நால்வரும் ஒரு மாலைப்பொழுதில் பேசித் தீர்த்திருக்கக்கூடிய செய்தியே இது என்பது நம் கருத்து. ஆனால் அது தெருவுக்கு வந்துவிட்டது. தெருவுக்கு வந்தபோது, பிள்ளையார் இடம் மாறுவது என்பது பிள்ளையாருக்கே கேடு என்றாகி, அக்கேட்டைச் செய்விப்பவர் திவான் என்றும் ஆயிற்று.

அந்நாளில் மைசூர்த் திவானாக இருந்தவர் மிர்சா இஸ்மாயில். 1926இல் அப்பதவிக்கு வந்தவர். பெங்களூரிலேயே பிறந்து, நான்காம் கிருஷ்ணராஜ உடையாரோடு ஒருங்கே கல்வி பயின்றவர். அவருடைய பாட்டனார் அலி அஸ்கர் பாரசீகத்திலிருந்து இந்நகருக்கு வந்து குதிரை வணிகம் செய்தவர். அவர் பெயரால் இன்றும் ஒரு சாலை இருக்கிறது. மூன்று தலைமுறையாக இம்மண்ணில் வேரூன்றிய குடும்பத்தவர், அரசரின் உற்ற நண்பர். ஆயினும் பேச்சு எழுந்த வேளையில் அவர் இசுலாமியர் என்ற ஒன்றே எல்லாவற்றுக்கும் சான்றாகக் கொள்ளப்பட்டது. பிழைக்க வந்த ஊரில் பேரும் புகழும் பெற்ற குடியும் ஒரே நாளில் அயலாராகிவிடக்கூடும் என்பதை நம் குடும்பங்கள் எளிதில் உணரும்.

மாணவர் ஊர்வலங்கள் கிளம்பின. சூலை இறுதியில் இரு சமயத்தாரும் மோதிக்கொண்டனர், பலர் காயமுற்றனர். நடந்தது என்ன என்று ஆராய முன்னாள் திவான் விசுவேசுவரய்யா தலைமையில் ஒரு குழு அமர்த்தப்பட்டது. சாட்சியம் கேட்டு, ஆராய்ந்து, அறிக்கை எழுதும் அப்பணியில் பத்தில் ஒரு பங்கு முன்னமே நடந்திருப்பின் கலகம் நேர்ந்திராது எனலாம். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பர். ஆயினும் அரசு வாய்திறந்து உள்ளதை உள்ளபடி உரைத்திருந்தால் ஊர்வாய்க்கு வேலை குறைந்திருக்கும்.

அடுத்த ஆண்டே, 1929 ஆகத்தில், எருசலேமிலும் இதுவே பெரும் அளவில் நேர்ந்தது. யூதர் தொழும் மேற்கு மதிலைப் பற்றிய வழக்கு நெடுநாளையது. அவ்வாண்டு, அல் அக்சா பள்ளிவாசலையே யூதர் கைப்பற்றப் போகின்றனர் என்ற வதந்தி பரவிற்று. நன்கொடை திரட்டுவதற்காக யூதக் கல்விக்கூடங்கள் முன்னர் அச்சிட்டிருந்த படங்கள் சில அதற்குச் சான்றுகளாகக் காட்டப்பட்டன. ஒரு கிழமைக்குள் 133 யூதரும் 116 அரபியரும் மாண்டனர். கொடுமையின் உச்சம் எருசலேமில் அன்று, அங்கிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள எப்ரோனில். அங்கு மட்டும் 67 யூதர் கொல்லப்பட்டனர். அவ்வூரிலேயே அரபுக் குடும்பங்கள் பல, அண்டை வீட்டு யூதரைத் தம் வீட்டுக்குள் மறைத்துக் காத்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

இத்தொலைவை நாம் கருத வேண்டும். 1963 திசம்பர் 27 அன்று காசுமீரத்து அசரத்பால் தருகாவிலிருந்து நபிகளின் திருமுடி காணாமற் போயிற்று. இது வதந்தியன்று, உண்மையிலேயே காணாமற் போனது. சீநகர்த் தெருக்களில் இசுலாமியரும் இந்துக்களும் சீக்கியரும் ஒருங்கே திரண்டு முறையிட்டனர். 1964 சனவரி 4 அன்று திருமுடி மீண்டும் கிடைத்தது. ஆனால் ஆயிரம் மைலுக்கு அப்பால், கிழக்குப் பாகிசுத்தானின் குல்னாவில் அதன் பெயரால் இந்துக்கள் தாக்கப்பட்டனர். அதற்கு எதிரொலியாகக் கல்கத்தாவில் இசுலாமியர் தாக்கப்பட்டனர். திருமுடி இருந்த ஊரில் எழாத பகை, அதனைக் கண்டிராத ஊர்களில் எழுந்தது. அருகிலிருப்பவர் சென்று பார்க்கலாம். தொலைவிலிருப்பவர்க்குச் சொன்னதே செய்தி. சுல்தான்பேட்டையில் தொலைவு மைல்கணக்கில் இல்லை. அரசு அலுவலகக் கோப்புக்கும் தெருவுக்கும் இடையே இருந்தது.

நாமும் தொலைவில் வாழ்பவர்களே. நம் குலதெய்வக் கோவில் வேறொரு மாநிலத்தில் இருக்கிறது. அதற்கு ஏதோ நேர்ந்தது என்று இரவில் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தால், எழுந்து போய்ப் பார்க்க முடியாது. ஊரில் உள்ள ஒருவரை எழுப்பிக் கேட்கலாம். ஆனால் கேட்பதற்கு முன்னரே நால்வருக்கு அனுப்பிவிடுகிறோம்.

நம் அண்டைப் பகுதிகளான காடுகொண்டனஹள்ளியிலும் தேவரசீவனஹள்ளியிலும் 2020 ஆகத்து 11 அன்று இரவு நேர்ந்தது நமக்குத் தெரியும். நபிகளை இழிவுசெய்ததாக எழுந்த ஓர் இணையப் பதிவினால் கூட்டம் திரண்டது. காவல் நிலையம் தாக்கப்பட்டது, வண்டிகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் மூவர் மாண்டனர். அவ்விரவில் தேவரசீவனஹள்ளியில் இருந்த அனுமன் கோவிலுக்கு ஊறு நேராதபடி, இசுலாமிய இளைஞர் பலர் கைகோத்து அதனைச் சுற்றி நின்றனர். அது அவர்கள் நாள்தோறும் கடந்து செல்லும் கோவில்.