ஒலிபெருக்கி சேர்த்த உறுப்பினர்கள்

எல்.பி.ஜி. என்றால் நம் வீட்டில் சமையல் எரிவாயு. கிழக்கு ஜெர்மனி உழவர் வீட்டில் அதே மூன்றெழுத்து வேளாண் உற்பத்திக் கூட்டுறவுச் சங்கத்தைக் குறித்தது. பிரெடரிக் நிக்கல்சன் 1890களில் சென்னை அரசுக்குப் பரிந்துரைத்ததும் ஒரு ஜெர்மானிய முறைதான்: உழவர் தாமே விரும்பிக் கூடும் ரைபைசன் கடன் சங்கம். கூட்டுறவு வார மலரில் அந்நாட்டின் மற்றொரு சங்கத்தையும் நினைப்பது தகும்.

1945இல் சோவியத் வசமிருந்த பகுதியில் 100 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைகள் இழப்பீடின்றிப் பறிக்கப்பட்டு, நிலமற்றோருக்கும் அகதிகளுக்கும் பிரித்துத் தரப்பட்டன. பெற்ற நிலத்தைத் திரும்பக் கேட்கும் காலம் ஏழே ஆண்டில் வந்தது. 1952 ஜூன் 8 அன்று துரிங்கியாவின் மெர்க்ஸ்லேபன் கிராமத்தில் முதல் சங்கம் தொடங்கியது. மறுமாதமே ஆளுங்கட்சி மாநாட்டில் அக்கட்சியின் தலைவர் வால்டர் உல்பிரிக்ட் அதை அரசின் கொள்கையாக்கினார்.

சங்கம் மூவகை. முதல் வகையில் விளைநிலம் மட்டும் பொது. இரண்டாவதில் கருவிகளும் உழவு விலங்குகளும் சேர்ந்தன. மூன்றாவதில் கறவை மாடும் பொதுத் தொழுவத்துக்குப் போயிற்று. வீட்டுக்கென்று அரை ஹெக்டேர் மிஞ்சியது.

20 ஹெக்டேருக்கு மேல் வைத்திருந்தவர்களுக்குக் கட்டாயக் கொள்முதல் அளவு ஏறியது. அளக்கத் தவறியவர்கள் பலர் சிறை சென்றார்கள். பலர் இரவோடிரவாக மேற்கே போனார்கள். அரசுக்கு எதிரான 1953 ஜூன் எழுச்சிக்குப் பின் பிடி தளர்ந்து, சில சங்கங்கள் கலைந்தன.

1960 வசந்தத்தில் பிடி இறுகியது. பிரசாரக் குழுக்கள் வாசலை விட்டு நகரவில்லை. சேராதவர் வீட்டு முன்னே ஒலிபெருக்கி வண்டி முழங்கியது. எல்லா உழவரும் சேர்ந்துவிட்டார்கள் என்று ஏப்ரல் 25இல் மக்கள் சபையில் அறிவித்தார் உல்பிரிக்ட். ஏட்டில் அது விருப்பச் சேர்க்கை!

ஆனால் நிலப்பதிவேட்டில் உழவர் பெயர் அழியவில்லை. நிலம் அவருடையது, அதை ஆளும் உரிமை சங்கத்துடையது. முப்பது ஆண்டு வெறும் எழுத்தாகக் கிடந்த அந்தப் பெயருக்கு, அக்கட்சியின் ஆட்சி வீழ்ந்த பின் வந்த 1990 ஜூன் சட்டம் உயிர் தந்தது. 1991 முடிவதற்குள் சங்கங்கள் உருமாறவோ கலையவோ வேண்டியிருந்தது. சிலர் நிலத்தை மீட்டுத் தனியே உழுதார்கள். பலர் புதிய கூட்டுறவுப் பண்ணைக்கே குத்தகைக்கு விட்டார்கள்.

எழுந்து போக வழி திறந்த பிறகும் தங்கினார்களே, அவர்கள்தாம் அச்சங்கங்களின் முதல் உறுப்பினர்கள்.