கெப்பட்டிபொலத் திசாவையின் சிரசு மீண்ட வரலாறு

வெலிமடையில் வாழும் நமக்குக் கெப்பட்டிபொல என்றவுடன் நினைவுக்கு வருவன மரக்கறிச் சந்தையும் லொறிகளுமே. அப்பெயர் ஒரு போர்வீரருடையது என்பதை நம் இளைஞர்களுள் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பர்? பெரியோர் அறிவர், எனினும் மீண்டும் ஒருமுறை கேட்கத் தகுந்த கதை இது.

மொனரவில கெப்பட்டிபொல, ஊவாவின் திசாவை. 1815 மார்ச்சில் கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயருக்கு ஒப்படைத்த உடன்படிக்கையில் ஒப்பமிட்ட பிரதானிகளுள் அவரும் ஒருவர். இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது சரித்திரமாகாது. 1817-ல் ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் கிளர்ச்சி மூண்டது. நாயக்க அரச வமிசத்தின் உறவினன் துரைசாமி எனத் தன்னைக் கூறிக்கொண்ட ஒருவனைக் கிளர்ச்சிக்காரர் அரசனாக ஏற்றனர். (தமிழ்ப் பெயர் ஒன்றுக்கு அன்று மலைநாட்டில் இருந்த மதிப்பை இதனால் உணரலாம்.) கிளர்ச்சியை அடக்கும்படி ஆங்கிலேயர் அனுப்பியது கெப்பட்டிபொலவைத்தான். அவரோ கிளர்ச்சிக்காரருடன் சேர்ந்துகொண்டார். சேருமுன், ஆங்கிலேயர் தந்த துப்பாக்கிகளை அவர்களுக்கே திருப்பி அனுப்பினார். அவர்களது ஆயுதத்தைக் கொண்டே அவர்களை எதிர்ப்பது அவருக்கு ஒவ்வவில்லை.

1818 அக்டோபரில் பிடிபட்டார். நவம்பரில் கண்டி போகம்பரையில் சிரச்சேதம் செய்யப்பட்டார். அதற்கு முன் தலதா மாளிகையில் வழிபாடு செய்தார். கொலைக்களத்தில் தம்மிடம் இருந்த சிறிய மறை நூலை ஓதி முடித்து, அதைச் சோயர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரியிடம் சேர்ப்பிக்கச் சொன்னார். பதுளையில் இருவரும் உத்தியோகத்தில் ஒன்றாயிருந்த காலத்தில் காட்டிய நட்புக்கு அது நன்றிக் காணிக்கை. சாகும் தறுவாயில் பகைவர் தரப்பைச் சேர்ந்தவனை நண்பனென்று நினைத்த நெஞ்சம் அது!

இச்செய்தியை எழுதி வைத்தவர் ஹென்றி மார்ஷல் என்ற இராணுவ வைத்தியர். கிளர்ச்சி வென்றிருந்தால் இவர் தேசாபிமானி எனப் போற்றப்பட்டிருப்பார், தோற்றதால் துரோகி ஆனார் என்ற கருத்தையும் அவரே எழுதினார். விந்தை என்னவெனில், திசாவையின் மண்டையோட்டைக் கடல் கடந்து கொண்டுபோனவரும் அவரேதான். எடின்பரோவில், மண்டையோட்டின் மேடுபள்ளங்களைத் தடவி மனிதனின் குணத்தைச் சொல்லலாம் என நம்பிய ஒரு சங்கத்தின் காட்சிச்சாலையில் அது வைக்கப்பட்டது. அந்தச் சாஸ்திரம் பொய்யென்று பின்னர் தள்ளப்பட்டது. சிரசு மட்டும் அந்நிய மண்ணிலேயே கிடந்தது.

நாடு சுதந்திரம் பெற்ற பின்னரே, 1954-ல், அது தாயகம் மீண்டது. கண்டியில், தலதா மாளிகைக்கு அருகே எழுந்த நினைவுச் சின்னத்தில் அதை வைத்தனர்.

முன்னோர் போரில் இழந்தவை திரும்பிய கதைகள் வேறும் உண்டு. கண்டி மன்னரின் சிம்மாசனம் 1934-ல் குளொஸ்டர் கோமகன் வழியாக மீண்டது. 1765-ல் ஒல்லாந்தர் கண்டியில் கவர்ந்த லெவ்கே திசாவையின் பீரங்கி, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்தது, அம்ஸ்டர்டாமிலிருந்து 2023-ல் தான் கொழும்புக்கு வந்தது. பீரங்கிக்கு விலை மதிப்பிடலாம். வாரிசுகளுக்கு முன்னோரின் தலைக்கு ஈடாக எதைச் சொல்வது?

தலை வந்த பின்னும் பழி நீங்கவில்லை. 1818 ஜனவரியில் தேசாதிபதி பிரௌன்ரிக், கெப்பட்டிபொலவையும் மற்றும் சிலரையும் துரோகிகளென அறிவித்த பிரகடனம் ஏட்டில் அப்படியே இருந்தது. அதனை அரசாங்கம் இரத்துச் செய்து அவர்களைத் தேசிய வீரர்களென அறிவித்தது 2016-ல். சிரசு மீண்டு 62 ஆண்டுகள் கழித்தே பெயரும் மீண்டது.